திருகோணமலையில் வானுக்கு முன்கண்ணாடி மாற்றுவோர் கவனத்திற்கு

பாவித்த கண்ணாடியைப் புதியது என்று விற்று, வாகனத்துக்கு ஒவ்வாத பசையால் ஒட்டி அனுப்பும் வேலை எங்கள் ஊரில் நடக்கிறது. எனக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன். முறைப்பாடு செய்திருக்கும் நிலையில் கடையின் பெயரை இங்கே குறிப்பிடுவது முறையல்ல. அதோடு, அந்த ஒரு கடையைத் தவிர்த்துவிட்டால் போதும் என்று எவரும் நினைத்துவிடக் கூடாது என்பதும் பெயரைத் தவிர்ப்பதற்கு ஒரு காரணம்.

என்னுடையது சுசுகி எவ்ரி. நிலாவெளிப் பக்கத்துப் பிள்ளைகளை நகரத்துப் பாடசாலைகளுக்கு ஏற்றி இறக்குவதே அதன் வேலை. கச்சான் காற்றுக் காலத்தின் கடைசியில், கந்தளாயிலிருந்து திரும்பும்போது முன்னால் சென்ற டிப்பரிலிருந்து தெறித்த சல்லிக்கல் ஒன்று கண்ணாடியின் இடது பக்கக் கீழ்ப்பகுதியில் பட்டது. நகக்கண் அளவு காயம்தான். இப்படியான காயம் ஓட்டுநரின் பார்வைக்கு நேரே இல்லாமலும் விளிம்பைத் தொடாமலும் இருந்தால் ரெசின் செலுத்தி நிரப்பிவிடலாம். கண்ணாடி மாற்றும் செலவில் ஒரு சிறு பங்குதான் அதற்குப் பிடிக்கும். தூசும் ஈரமும் உள்ளே போகாதபடி அன்றே ஒட்டுநாடா ஒட்டி வைத்து, நிரப்புவதற்கு ஆளையும் பேசியிருந்தேன். ஆனால் வெளியே வெயிலில் கொதிக்கும் கண்ணாடியில் உள்ளிருந்து ஏசிக் குளிர் படும்போது விரிசல் நிற்காது. ஆள் வருவதற்குள் அது விளிம்புவரை ஓடிவிட்டதால் மாற்றுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

வானுக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டுமே இருந்தபடியால் செலவு முழுவதும் என் கையிலிருந்துதான். முழுக் காப்புறுதி வைத்திருப்பவர்கள், கடைகளில் விலை கேட்பதற்கு முன்னர், தங்கள் ஒப்பந்தத்தில் முன்கண்ணாடிக்குத் தனிக் காப்பு இருக்கிறதா, அதற்கு உச்சத்தொகை என்ன, கோரினால் அடுத்த வருடக் காப்புறுதிக் கட்டணத்தில் கிடைக்கும் கழிவு குறையுமா என்பதைக் கேட்டறிந்துகொள்வது நல்லது.

நான் விசாரித்த இடங்களில் ஒன்று மட்டும் மற்றவர்கள் சொன்னதில் மூன்றில் இரண்டு பங்கு விலைக்குச் செய்து தருவதாகச் சொன்னது. விலை குறைவென்பதால் எல்லாவற்றையும் கேட்டேன். கண்ணாடி புதியதா, எந்தப் பசை, தண்ணீர் ஒழுகினால் யார் பொறுப்பு என்று கேட்டபோது, "அண்ணன், பெட்டி உடைக்காத புதுச் சாமான், வாகனத்துக்கென்றே வருகிற பசை, ஆறு மாதத்துக்கு நாங்கள் பொறுப்பு" என்று பதில் வந்தது. சுவரில் சாய்த்து வைத்திருந்த அட்டைப்பெட்டியையும் காட்டினார்கள். வேலை நடக்கும்போது அருகில் நிற்க விரும்பினேன். கண்ணாடித் துகள் பறக்கும், வெளியே இருங்கள் என்று சொல்லி, கொட்டிலின் படங்கை இழுத்துவிட்டார்கள். துகள் பறப்பது உண்மைதான். ஆனால் வாடிக்கையாளரின் கண்ணில் படக்கூடாதவை அனைத்தும் அந்தப் படங்குக்குப் பின்னால்தான் நடந்தன.

பிற்பகலில் வானை எடுத்தபோது உள்ளே வினாகிரி போன்ற புளிப்பு மணம் அடித்தது. புதுப் பசை அப்படித்தான் மணக்கும் என்றார்கள். பழைய கண்ணாடியில் ஒட்டியிருந்த வருமான அனுமதிப்பத்திரத்தையும் காப்புறுதி அட்டையையும் கழற்றி வைக்காமல் கண்ணாடியோடு சேர்த்துக் குப்பையில் போட்டிருந்தார்கள். உடைந்த கண்ணாடிக் குவியலுக்குள் கைவிட்டுத் தேடி, இரண்டாகக் கிழிந்த நிலையில் எடுத்தேன். கேட்டதற்கு, பிரதேச செயலகத்தில் இன்னொரு பிரதி எடுக்கலாமே என்று ஒரு பையன் சொன்னான்.

இரவில் உப்புவெளி வீதியில் எதிரே வந்த பேருந்தின் வெளிச்சம் பட்டதும், கண்ணாடி முழுவதும் வில் வில்லாக நுண்கீறல்கள் மின்னின. அவை வைப்பர் பல வருடம் ஓடிப் போட்ட கீறல்கள். புதுக் கண்ணாடியில் இருக்க வழியே இல்லை. வீட்டுக்கு வந்து டோர்ச் பிடித்துப் பார்த்தேன். பின்பார்வைக் கண்ணாடிக்கு மேலே, முன்பு எதையோ ஒட்டி உரித்த சதுரத் தடம் இருந்தது. கீழ் மூலையில் பதிந்திருந்த தயாரிப்பாளர் முத்திரையும் எனக்குக் காட்டிய அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்த பெயரும் வேறு வேறு. மறுநாள் இதையெல்லாம் காட்டியபோது, பெட்டி மாறிப் போயிருக்கும், கண்ணாடியில் குறையில்லை, கீறலைப் பொலிஷ் போட்டுத் தருகிறோம் என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சே இல்லை. உரையாடலை ஒலிப்பதிவு செய்துகொண்டு திரும்பினேன்.

பாவித்த கண்ணாடி விற்பதில் தவறில்லை. கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து வரும் பாவித்த உதிரிப்பாகங்கள் இல்லாவிட்டால் நாட்டில் பாதி வான்கள் ஓடாது. பாவித்தது என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றிருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். அதைவிடப் பெரிய கேடு ஒட்டிய விதத்தில் இருந்தது.

ஐப்பசி மழையின் முதல் நாளிலேயே டாஷ்போர்டின் இடது ஓரத்தால் தண்ணீர் இறங்கி, முன்னாசனத்தில் இருந்த பிள்ளையின் புத்தகப் பையை நனைத்தது. திரும்பக் கொண்டுபோனபோது, பொறுப்பு என்று சொன்ன கடை செய்தது ஒன்றுதான்: வெளி விளிம்பைச் சுற்றி இன்னொரு கோடு பசையைப் பூசிவிட்டது. அடுத்த மழையில் அதே இடத்தால் தண்ணீர் வந்தது. அதன் பிறகு அநுராதபுரச் சந்திப் பக்கம் வேலை செய்யும் அனுபவமுள்ள ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு மூலையில் பிடித்து இழுக்க, பசை முழுவதும் வாழைநார் போல நீளமாக உரிந்து வந்தது. அது குளியலறைத் தொட்டிக்கும் ஓட்டுக்கும் பூசுகிற சிலிக்கன். புளிப்பு மணம் காயும்போது அதிலிருந்து வெளியேறும் அசற்றிக் அமிலத்தினுடையது. அந்த அமிலம் தகரத்தை அரிக்கும். பழைய கண்ணாடியை வெட்டி எடுத்தபோது கத்தி பட்டுப் பெயின்ற் உரிந்த இடங்களில் பிரைமர் என்ற அடிப்பூச்சு எதுவும் பூசாமல் அப்படியே ஒட்டியிருந்தார்கள். கடற்காற்று வீசும் ஊரில் அந்தக் கீறல்கள் சில வாரங்களிலேயே செந்துருவாகப் பொருக்குக் கட்டியிருந்தன.

இதை வெறும் தண்ணீர் ஒழுகும் குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. உடைந்தாலும் சிதறாமல், உள்ளே இருப்பவரை வெளியே தூக்கி எறியவிடாமல் பிடித்து நிறுத்துவதற்கென்றே அப்படிச் செய்கிறார்கள். அந்தப் பிடி கண்ணாடியில் மட்டும் இல்லை, அதைச் சட்டத்தோடு இறுக்கும் பொலியுரேதேன் பசையிலும் இருக்கிறது. சில வாகனங்களில் முன்னாசன எயார்பேக் விரியும்போது இந்தக் கண்ணாடியில்தான் முட்டி நிற்கும். கையால் உரியும் சிலிக்கனை நம்பி ஒட்டிய கண்ணாடிக்குப் பின்னால் நான் பிறர் பிள்ளைகளை இருத்தியிருந்தேன் என்பதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

இரண்டாவது முறை செலவு கூடியதற்கும் சிலிக்கனே காரணம். அது ஒட்டியிருந்த இடத்தில் பொலியுரேதேன் பிடிக்காது. ஒரு துளி மிஞ்சாமல் சுரண்டித் துடைக்க வேண்டும். ஒழுங்காக முதல் முறையே ஒட்டியிருந்தால் பழைய பொலியுரேதேனை முழுவதும் எடுக்கத் தேவையில்லை; ஓரிரு மில்லிமீற்றர் உயரத்துக்குச் சீவி விட்டு அதன் மேலேயே புதியதைப் போடலாம்.

எனவே மலிவாகச் செய்ய நினைப்பவர்கள் கண்ணாடியில் விலை குறைத்துக்கொள்ளலாம், பசையில் குறைக்கவிடாதீர்கள். பசைக் குழாயை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். பொலியுரேதேன் என்று எழுதியிருக்கிறதா, காலாவதித் திகதி கடந்துவிட்டதா என்று பாருங்கள். எவ்வளவு நேரம் கழித்து ஓட்டலாம் என்பதும் அநேகமாக அதிலேயே இருக்கும். பழைய கண்ணாடி கழன்றதும், புதியது ஏறுவதற்கு முன், அந்த இரும்பு விளிம்பைப் பார்க்க விடாத கடையில் வேலையை ஒப்படைக்க வேண்டாம்; முடிந்தால் கைபேசியில் ஒரு படம் எடுங்கள். கண்ணாடியின் மூலையில் முத்திரை இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒழுங்குவிதிப்படி செய்ததானால் வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் ஒரு இலக்கமும், அருகில் '43 ஆர்' என்பதும் இருக்கும். ரப்பர் வார் வைத்துப் பொருத்தும் பழைய வான்களுக்கு வேலை வேறு. வார் வெடித்திருந்தால் புதிய வாரோடு போடச் சொன்னால் போதும்.

பற்றுச்சீட்டில் வாகன இலக்கம், கண்ணாடி புதியதா பாவித்ததா, பசையின் பெயர் ஆகியவற்றை எழுதுவிக்க வேண்டும். எனக்குத் தந்த துண்டில் "கண்ணாடி வேலை" என்றும் தொகையும் மட்டுமே இருந்தன. விபரமாக எழுதித் தரக் கேட்டபோது புத்தகம் முடிந்துவிட்டது என்றார்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவது வியாபாரியின் கடமை. அந்தத் துண்டையும் படங்களையும், உரித்தெடுத்த சிலிக்கனில் ஒரு துண்டையும் இணைத்து அதிகாரசபைக்கு எழுத்துமூலம் முறைப்பாடு அனுப்பியிருக்கிறேன். ஆலோசனை கேட்பவர்கள் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். பொருளை வாங்கிய அல்லது சேவையைப் பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு எழுத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதால், அண்மையில் கண்ணாடி மாற்றியவர்கள் மழைக்காகக் காத்திராமல், ஒருவர் வெளியே குழாயால் தண்ணீர் அடிக்க மற்றவர் உள்ளே டோர்ச் பிடித்து, டாஷ்போர்டின் இரு ஓரங்களையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.