டேவிடாஃப் நம்பர் 2: குடுமி வைத்த கியூபாக் கிழம்

இந்தச் சுருட்டின் நீளம் 152 மில்லிமீட்டர், பருமன் 38 ரிங். அங்குலத்தை 64 பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு ரிங். ஆகக் குறுக்களவு 15 மில்லிமீட்டர் சொச்சம், சுண்டுவிரல் கனம். தலையில் இலையை முறுக்கிவிட்ட சிறு குடுமி. ஹவானாவின் எல் லகிடோ ஆலையில் சுற்றிய சரக்கு இது. 1989-இல் கியூபாவோடு முறுக்கிக்கொண்ட சுவிஸ் நிறுவனம் டேவிடாஃப், தரம் போதவில்லை என்று லட்சத்துக்கு மேற்பட்ட சுருட்டுகளைக் கொளுத்தியது. 1990களின் தொடக்கத்தில் தயாரிப்பு டொமினிகன் குடியரசுக்குப் போய்விட்டது. கியூபாவில் சுற்றியது இன்று யார் கையில் இருந்தாலும் அதற்கு முப்பது வயது தாண்டியிருக்கும்.

ஏமாறும் இடம் இங்கேதான். டொமினிகன் சுருட்டுக்கும் அதே பெயர், அதே நீளம், அதே பருமன், அதே வெள்ளைப் பட்டி. பட்டியைப் பார்த்துக் காசை எண்ணிக் கொடுக்காதீர்கள், பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் 'எச்சோ என் கூபா' (கியூபாவில் செய்தது) என்று சூட்டு முத்திரை இருக்க வேண்டும். 1985-க்குப் பிந்தியதென்றால் ஆலைக் குறியீடும், 1989 முதல் 'தோத்தல்மெந்தே அ மானோ' (முழுக்கக் கையால்) என்ற வரியும் சேரும். கியூபாவின் சுருட்டு நிறுவனமான 'ஹபானோஸ் எஸ்.ஏ.' முத்திரை தெரிந்தால் பெட்டியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம். அந்த முத்திரை வந்ததே 1994-இல். பெட்டி இல்லாமல் உதிரியாக வருவதை நம்ப வழியே இல்லை.

அசல்தான் என்று வைத்துக்கொள்வோம். பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கம் அதைக் காப்பாற்றுவது தனி வேலை. ஆடியில் சுவரே வியர்க்கும். தை, மாசியில் கணவாய் வழியே அடிக்கும் வறண்ட கிழக்குக் காற்று அப்பளம் காயவைக்கத்தான் லாயக்கு. பங்குனியில் வெயில் 40 டிகிரியை எட்டிப் பார்க்கும். மரப்பெட்டியை மட்டும் நம்பினால் போச்சு. ரப்பர் வளையம் போட்ட, காற்றுப் புகாத டப்பாவில் ஈரப்பதத்தை நிலையாக வைக்கும் உறை ஒன்றும், அதை அளக்கும் சின்ன மீட்டர் ஒன்றும் போட்டு மூடுங்கள். காய்ந்து வந்த சுருட்டை நேராக 70 சதவீத ஈரப்பதத்தில் வைத்தால் உள்ளிலை மளமளவென்று ஊதும், மேலிலை ஈடுகொடுக்காமல் நெடுக வெடிக்கும். முதல் மூன்று வாரம் 58 சதவீத உறை, பிறகு 62. அதற்கு மேல் வேண்டாம்.

வெப்பம் 24, 25 டிகிரியைத் தாண்டினால் இலைக்குள் இருக்கும் வண்டு முட்டை பொரிக்கலாம். குண்டூசி நுழையும் அளவுக்கு ஓட்டை தெரிந்தால் பக்கத்துச் சுருட்டுகளையும் சேர்த்து இரண்டு ஜிப் கவருக்குள் போட்டு, மைனஸ் 18-இல் மூன்று நாள் உறைய வையுங்கள். பிறகு ஒரு நாள் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், அதன் பிறகே வெளியே. அவசரப்பட்டு எடுத்தால் இலை விரிசல் விடும். மத்தி வைத்திருக்கும் ஃப்ரீசர் என்றால் முதலில் மத்தியைக் குழம்பு வைத்து முடித்துவிடுங்கள். புகையிலை வாசனையை வஞ்சகமில்லாமல் உறிஞ்சும். மேலே வெள்ளையாகப் பூத்திருப்பதை 'முதுமையின் பொலிவு' என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. பஞ்சு மாதிரி, திட்டுத் திட்டாக, அடிப்பக்கமும் ஏறியிருந்தால் அது பூஞ்சை, வேறொன்றுமில்லை.

குடுமியைக் காய்ந்தபடியே திருகாதீர்கள், மேலிலையும் கூடவே உரிந்துகொண்டு வரும். உதட்டில் பத்து வினாடி நனைத்து, புது பிளேடால் இரண்டு மில்லிமீட்டர் மட்டும் சீவுங்கள். பற்றவைக்காமல் ஒரு முறை இழுத்துப் பார்க்க வேண்டும். இவ்வளவு ஒல்லியான சுருட்டில் உள்ளே ஒரு இலை மடங்கினாலே அடைப்புதான். அடைத்தால் ஸ்வெட்டர் ஊசியை நடுவில் மெதுவாகச் செருகி எடுக்கலாம், பக்கவாட்டில் குத்திவிடக் கூடாது. ஜெட் லைட்டர் இதற்கு முரடு. தீக்குச்சியின் மருந்து எரிந்து முடிந்த பிறகு, சுடரை ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, சுருட்டைச் சுழற்றியபடி விளிம்பு சாம்பல் பூக்கும்வரை வாட்டுங்கள்.

முதல் மூன்று சென்டிமீட்டர் ஏமாற்றம்தான். உறையூர் சுருட்டின் காரமும் கமறலும் பழகிய நாக்குக்கு இது வெந்நீர் குடித்தது போலிருக்கும். பழைய மரப்பெட்டியைத் திறந்த வாசனை, உலர்ந்த வைக்கோல், அவ்வளவே. இலையிலிருந்த அம்மோனியா இத்தனை ஆண்டில் போய்விட்டது, அதோடு வீரியமும் பாதி. நான்காவது சென்டிமீட்டர் தாண்டிய பிறகுதான் பேச ஆரம்பிக்கிறது: பாலும் சர்க்கரையும் போடாத கட்டன் சாயாவின் துவர்ப்பு, வறுத்த மல்லி, நாக்கின் ஓரத்தில் தேனடை மெழுகு போல ஒரு வழவழப்பு. புகையை நாக்கில் வைத்திருந்து, விடும்போது கொஞ்சம் மூக்கு வழியாக விட்டால் சந்தனக் கட்டை உரசியதுபோல ஒரு நெடி வரும். இந்தச் சுருட்டுக்கு விலை கொடுப்பது அந்த நெடிக்குத்தான்.

அதைக் கெடுப்பது பெரும்பாலும் அவசரம். நிமிடத்துக்கு ஒரு இழுப்பு என்பது தடித்த சுருட்டுக்கான கணக்கு. இதில் ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று போதும். அதற்கு முந்தினால் முனை சூடேறிக் கசப்பு வந்துவிடும், வந்த கசப்பு திரும்பிப் போகாது. அணைந்தால் சாம்பலைத் தட்டி, உள்ளே தங்கிய புகையை ஒரு முறை ஊதி வெளியேற்றிவிட்டுப் பற்றவையுங்கள். எல்லாம் சரியாக நடந்தால் 50 நிமிடம் வரும். கூடக் குடிக்கக் கட்டன் சாயாவோ தண்ணீரோ போதும். சித்தூர்க் கள் பக்கத்திலேயே கிடைக்கிறது என்று ஆசைப்படாதீர்கள், அதன் புளிப்பு மேல்சுவை அத்தனையையும் அடித்துவிடும்.

எங்கே உட்கார்ந்து பிடிப்பது? பொது இடத்தில் புகைப்பதைக் கேரள உயர்நீதிமன்றம் 1999-லேயே தடுத்துவிட்டது; 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுக்க அதே விதிதான். ஆக வீட்டு முற்றம், காற்று அடங்கிய சாயங்காலம். புகையை நெஞ்சுக்குள் இழுக்கக் கூடாது; இழுக்காவிட்டாலும் வாய்க்குக் கேடு கேடுதான்.

தரத்துக்குப் பத்தில் ஏழு. விலைக்கு மூன்று கொடுக்கலாம். ஒன்றுக்கு மேல் வாங்கச் சொல்ல மனம் வரவில்லை, காரம் தேடுபவர்களுக்கு அந்த ஒன்றும் வேண்டாம். கடைசி நான்கு சென்டிமீட்டரில் சூடும் தாரும்தான் மிஞ்சும். அங்கே நிறுத்திவிட்டுத் தட்டில் சும்மா வையுங்கள், தானாக அணையும். நசுக்கினால் அந்த நாற்றம் மறுநாள் காலைவரை முற்றத்தில் நிற்கும்.