ஏப்ரல் 43ஐத் திருத்திவிட்டார்கள்

ரஷ்ய எழுத்தாளர்கள் கோகோல், கார்ஷின், செகாவ் என மூவரின் மனப்பிறழ்வுக் கதைகளையும் சேர்த்துக் கட்டிய தொகுப்பு. கோகோலின் ‘பைத்தியக்காரனின் குறிப்புகள்’ (1835) படிக்கத்தான் வாங்கினேன். மேலதிகாரிக்கு இறகுப் பேனா சீவிக் கொடுக்கும் எழுத்தர் போப்ரிஷின், நாய்கள் எழுதிய கடிதங்களைப் படிக்கிறார். பிறகு தானே ஸ்பெயின் மன்னர் என்கிறார். புத்தி தடம் புரண்டதை நாட்குறிப்பின் தேதியே காட்டிக்கொடுத்துவிடும்: 2000ஆம் ஆண்டு, ஏப்ரல் 43. மெய்ப்புப் பார்த்த புண்ணியவான் அதை 13 என்று ‘சரி’செய்திருக்கிறார்! பென்சிலால் நானே 43 ஆக்கிக்கொண்டேன்.

செகாவின் ‘ஆறாவது வார்டு’ (1892) இரண்டாம் முறை படிக்கையில்தான் உறைத்தது. துன்பமெல்லாம் மனதில்தான் என்று மருத்துவர் ராகின் பேசப்பேச, நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். மனநோயாளிகளை அடைத்துவைக்கும் அதே வார்டில் அவரையே பூட்டி, காவலாள் நிகீத்தா முகத்தில் குத்தும்போது அந்தத் தத்துவம் ஒரு நொடிகூடத் தாங்கவில்லை.

கார்ஷினின் ‘சிவப்பு மலர்’ (1883) சின்னது. கசகசாப் பூவுக்குள் உலகத்துத் தீமை முழுவதும் குடியிருப்பதாக நம்பும் நோயாளி. கார்ஷினும் மனநோயால் அவதிப்பட்டவர். அது தெரிந்து படிப்பது வேறு அனுபவம்.

மொழிபெயர்ப்பு பரவாயில்லை. எழுத்துதான் பொடி. அட்டை இரண்டாம் வாசிப்பிலேயே கழன்றுவிட்டது, பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்.