உறைகரு மாற்றம்: மாத்திரை வழியா, இயற்கைச் சுழற்சி வழியா?

கருப்பையின் உட்சுவர் போதிய அளவு வளராமலும், தங்கிய கரு அடுத்தடுத்துக் கலைந்தும் துயருற்றவர்களுக்கு, ஆய்வகத்தில் உருவாக்கி உறையவைத்த கருவைக் கருப்பையில் வைக்கும் முன் மருத்துவர்கள் இரு வழிகளைச் சொல்வதுண்டு. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மாத்திரையால் உட்சுவரை வளர்த்துப் பின்னர், கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனைச் சேர்ப்பது ஒன்று. உடல் தானாகவே முட்டையை வெளியிடும் மாதத்தைக் கண்காணித்து, அதற்கேற்பக் கருவை வைப்பது மற்றொன்று. இரண்டையும் கடந்து வந்த நான் இயற்கைச் சுழற்சியின் பக்கமே நிற்கிறேன்.

மாத்திரை வழியில் நாளை முன்பே குறித்துக்கொள்ளலாம், ஸ்கேன்களும் குறைவு. இயற்கை வழியில் அடிக்கடி ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் உண்டு, முட்டை வெளியாகும் நேரம் தவறினால் அந்த மாதமே வீணாகும். பொதுவாக எதிர்பார்க்கப்படும் 7 மி.மீ. தடிமனை, மாத்திரையின் அளவைக் கூட்டியும் என் உட்சுவர் எட்டவில்லை. இயற்கைச் சுழற்சியில் அது எட்டியது. கரு ஒட்டுவதற்கு ஏற்ற உட்சுவரின் அடையாளமாகச் சொல்லப்படும் மூன்று கோடுகளும் ஸ்கேன் திரையில் தெளிவாகப் பிரிந்து தெரிந்தன. எல்லோருக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல என் ஒருத்தியின் அனுபவம் போதாது.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது தடிமன் அன்று, தங்கிய கருவைக் காக்கும் ஏற்பாடு. சூலகத்தில் முட்டையை வெளியிட்ட சிறு பை மஞ்சள் உடலமாக மாறி, புரோஜெஸ்டிரோனோடு ரிலாக்சின் போன்ற ஹார்மோன்களையும் சுரக்கிறது. மாத்திரை வழியில் முட்டை வெளிவருவதில்லை என்பதால் இந்த மஞ்சள் உடலமும் இல்லை. நஞ்சுக்கொடி பொறுப்பேற்கும் வரை, அதாவது ஏறத்தாழ 10 முதல் 12 வாரம் வரை, ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டிரோனையும் வெளியிலிருந்தே கொடுக்க வேண்டும். யோனிக்குள் வைக்கும் புரோஜெஸ்டிரோன் மருந்தில் ஒரு பகுதி கசிந்து வெளியேறும், உடல் ஏற்கும் அளவும் ஆளுக்கு ஆள் மாறும். ஏற்கெனவே கருவை இழந்தவர், கசிந்ததைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அஞ்சுவார். அது வீண் அச்சமும் அன்று: ஒரு பெரிய சோதனையில், யோனி வழியாக மட்டும் புரோஜெஸ்டிரோன் பெற்றவர்களுக்கு, ஊசியும் பெற்றவர்களைவிடக் கருச்சிதைவு அதிகம் எனக் கண்டு அந்தப் பிரிவையே முன்கூட்டி நிறுத்தினார்கள். மஞ்சள் உடலம் இல்லாத கர்ப்பங்களில் பிற்காலத்தில் ரத்த அழுத்தச் சிக்கல்கள் கூடுதலாக இருப்பதையும் பல ஆய்வுகள் காட்டுகின்றன.

குழந்தை பிறக்கும் விகிதத்தில் இரு வழிகளுக்கும் பெரிய வேறுபாடு காணாத ஆய்வுகளும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. மாதவிடாய் ஒழுங்கற்றவர்களுக்கு இயற்கைச் சுழற்சி பெரும்பாலும் ஒத்துவராது. லெட்ரோசோல் என்னும் மாத்திரை கொடுத்து முட்டையை வளர்க்கும் இடைவழி உண்டென்றாலும் எனக்கு அதில் அனுபவமில்லை. உட்சுவரில் ஒட்டுதல் இருந்தால், கருப்பைக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்த்துச் சரிசெய்யும் ஹிஸ்டரோஸ்கோப்பி, நாட்பட்ட அழற்சிக்கு ஆன்டிபயாட்டிக், ரத்தம் எளிதில் உறையும் ஆன்டிபாஸ்போலிப்பிட் கோளாறுக்கு ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் என, காரணத்தைத் தேடும் வேலை இந்தத் தேர்வுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கருவிலேயே குரோமோசோம் பிழை இருந்தால் எந்த வழியும் அதைத் திருத்தாது.

மாத்திரை வழியையே எடுக்க நேர்ந்தால், கருவை வைக்கும் நாளையொட்டி ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் அளவைப் பார்க்கும்படியும், குறைந்திருந்தால் ஊசி சேர்க்கலாமா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள்.