குட்டைக் கால், 24 சிட்டிங், 36,000 ரூபாய்: முதுகுவலி பேக்கேஜ் வாங்கப் போகிறவர்களுக்கு

மில் வேலைக்குப் போகிற 44 வயதுக்காரர். இரண்டு மாதமாக இடுப்பு வலி. வலது தொடையிலிருந்து கெண்டைக்காலின் வெளிப்பக்கம் வரை இழுப்பு. கோவையில் ஒரு முதுகுவலி மையத்தின் ரீல்ஸைப் பார்த்துவிட்டு, ‘99 ரூபாயில் முழுப் பரிசோதனை’ என்று போனார். உள்ளே போன 20 நிமிடத்தில் 24 சிட்டிங் பேக்கேஜ், 36,000 ரூபாய், மாதம் 6,000 வீதம் இஎம்ஐ என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். எட்டாவது சிட்டிங் முடிந்த வாரம் வலது கால் செருப்பு தானாகக் கழன்று விழ ஆரம்பித்தது. மையத்தில் சொன்னபோது, “நரம்பு திறக்குது சார், முதல்ல அப்படித்தான் இருக்கும், கோர்ஸை விட்றாதீங்க” என்றார்கள்.

மையத்தின் பெயரை இங்கே போடவில்லை. இதே அச்சில் வார்த்த மையங்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. இதை எழுதுகிற நாங்கள் மேனுவல் தெரபி (கையால் மூட்டுகளையும் தசைகளையும் அசைத்துத் தருகிற சிகிச்சை) செய்கிற பிசியோதெரபிஸ்ட்கள். அந்த 20 நிமிடத்தில் நடந்த வித்தைகள் எங்களுக்குத் தெரிந்தவை என்பதால் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுகிறோம்.

முதல் வித்தை கால் நீளம். ஷூவைக் கழற்றச் சொல்லாமல் குப்புறப் படுக்க வைப்பார்கள். இரண்டு குதிகாலையும் பிடித்துச் சேர்த்து, கூட வந்தவரை அழைத்து, “பாருங்க, வலது கால் அரை இன்ச் குட்டை” என்பார்கள். போட்டோவும் எடுப்பார்கள். ஷூவுக்குள் குதிகால் எப்போதும் கொஞ்சம் ஆடும். ஒரு ஷூவைக் காலோடு ஒட்ட அழுத்தி, மற்றதைச் சற்றே வெளியே இழுத்தால் அரை இன்ச் சுலபமாகக் கிடைத்துவிடும். ஷூ இல்லாவிட்டாலும், ஒரு பாதத்தை மட்டும் முழங்கால் பக்கமாக மடக்கிப் பிடித்தால் குதிகால் நிற்கும் இடம் மாறித் தெரியும். படுக்கும்போதே இடுப்பு ஒரு பக்கம் ஏறியிருந்தாலும் அப்படியே. பிறகு இடுப்பில் ஒரு ‘டக்’. இப்போது தங்கள் கைக் கட்டைவிரல் இரண்டையும் குதிகால்களில் சமமாக வைத்துப் பிடிப்பார்கள். கால் ‘வளர்ந்துவிடும்’.

நிஜமாக அளப்பதானால் மல்லாக்கப் படுக்க வைத்து, இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து உள்கணுக்கால் எலும்பு வரை டேப் வைத்து, இரண்டு மூன்று தடவை அளக்க வேண்டும். அல்லது நிற்க வைத்து, குட்டையான காலுக்கு அடியில் மரப்பலகைகளைச் செருகி, இடுப்பு சமமாகிற உயரத்தைப் பார்க்க வேண்டும். சில மில்லிமீட்டர் வித்தியாசம் ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டு. எலும்பின் நீளத்தை எந்தக் கையாலும் நொடியில் கூட்ட முடியாது. சந்தேகமிருந்தால் ஒன்று செய்யுங்கள்: ‘சரியான’ பிறகு எழுந்து, ஐந்து நிமிடம் நடந்துவிட்டு வந்து, ஷூ இல்லாமல், உங்கள் ஆளை விட்டு அளக்கச் சொல்லுங்கள். அந்த இடத்தில் பேச்சு மாறும்.

இரண்டாவது, கை பலம். கையை நீட்டச் சொல்லி மணிக்கட்டில் அழுத்துவார்கள், கை இறங்கிவிடும். கழுத்தில் ஒரு சொடுக்குப் போட்டுவிட்டு மறுபடி அழுத்தும்போது பிடி முழங்கைக்குப் பக்கத்தில் வந்திருக்கும். நெம்புகோல் பாதியானால் கை ஏன் இறங்கப்போகிறது? போதாததற்கு, முதல் தடவை சொல்லாமல் அழுத்தியவர் இரண்டாம் தடவை “ரெடியா, பிடிங்க” என்று சொல்லிவிட்டு அழுத்துவார். குனிந்து தரையைத் தொடச் சொல்வதும் இதே கதை. இரண்டாவது முறை யார் குனிந்தாலும், அதுவும் மூச்சை விட்டபடி குனிந்தால், கை கொஞ்சம் கீழே போகத்தான் செய்யும்.

மூன்றாவது, அந்தச் சத்தம். ரீல்ஸில் மைக்கை முதுகிலேயே ஒட்டிவைத்து எடுப்பது இதற்குத்தான். எலும்பு இடத்தில் போய் உட்காரும் சத்தம் என்று நம்ப வைப்பார்கள். மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான திரவத்தில் அழுத்தம் சட்டெனக் குறையும்போது வாயுக்குமிழி உண்டாகிறது. 2015-ல் கனடாவின் அல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் விரல் மூட்டைச் சொடுக்கும்போதே எம்.ஆர்.ஐ. எடுத்துக் காட்டினார்கள். அதே மூட்டில் மறுபடி சத்தம் வர ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும். விரலைச் சொடுக்கினால் வருவதும் அதேதான், அதற்கு யாரும் 1,500 ரூபாய் தருவதில்லை.

இந்த மூன்றும் முடிந்ததும் எம்.ஆர்.ஐ. படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டுவார்கள். “எல்4-எல்5 ஜவ்வு வெளியே வந்திருக்கு. உள்ளே தள்ளிடலாம், 24 சிட்டிங் ஆகும்.” படத்தில் ‘டிஸ்க் பல்ஜ்’ (முதுகெலும்புகளுக்கு நடுவில் உள்ள ஜவ்வு பிதுங்கியிருப்பது) என்று எழுதியிருப்பது உண்மைதான். ஆனால் முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் வெளியான ஆய்வில், 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பல்ஜ் இருந்தது. நரைமுடி மாதிரி அதுவும் வயதோடு வருவது. வலிக்கு அதுதான் காரணமா என்பதை ஆளைத் தொட்டுப் பரிசோதித்தால்தான் சொல்ல முடியும். பிதுங்கிய ஜவ்வை வெளியிலிருந்து கையால் உள்ளே தள்ள முடியாது. நன்றாகப் பிதுங்கி வெளியே வந்த துண்டுகள்கூடப் பலருக்கு மாதக்கணக்கில் தாமாகவே சுருங்கிவிடுவதுண்டு. அப்படிச் சுருங்குகிற காலத்தில் யார் சிட்டிங் கொடுத்தாலும் பெயர் அவருக்குப் போய்விடும்.

பிறகு எங்களிடம் வந்த அவரிடம், எட்டு சிட்டிங்கில் என்னதான் நடந்தது என்று கேட்டோம். ஹாட் பேக் 10 நிமிடம். லேசான மின்சாரம் செலுத்தி வலியைக் குறைக்கும் ஐ.எஃப்.டி. மெஷின் 15 நிமிடம், எல்லோருக்கும் ஒரே செட்டிங். மசாஜ் கன் ஐந்து நிமிடம். கடைசியில் பக்கவாட்டில் படுக்க வைத்து இடுப்பை முறுக்கி ஒரு ‘டக்’. முதல் நாள் பார்த்தவர் அதன் பிறகு கண்ணில் படவில்லை, செய்ததெல்லாம் உதவியாளர்கள். வீட்டில் செய்ய ஒரு பயிற்சிகூடச் சொல்லித் தரவில்லை. குறிப்பேடு இல்லை, அளவு எழுதவில்லை. (ஹாட் பேக் பற்றி ஒரு வார்த்தை: அந்தப் பை 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான தண்ணீரிலிருந்து வருகிறது. ஆறேழு மடிப்பாவது டவல் வேண்டும். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் கொப்புளம் வந்த பிறகுதான் சுட்டதே தெரியும்.)

எங்களுக்குக் கோபம் வந்த இடம் இது. வலி காலுக்கு இறங்கியிருக்கிற ஆளைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை ஐந்து நிமிட வேலை. குதிகாலில் நடக்கச் சொல்வது, முன்பாதத்தில் நடக்கச் சொல்வது, கால் கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லி விரலால் எதிர்த்து அழுத்துவது, குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாணில் சுத்தியலால் தட்டுவது, பாதத்தின் மேல்பக்கம் தொட்டால் தெரிகிறதா என்று கேட்பது. கட்டைவிரலைத் தூக்குவது பெரும்பாலும் கீழ்முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் எல்5 நரம்பின் வேலை. அது பலம் இழந்தால் செருப்பைப் பிடித்துக்கொள்ள முடியாது. பலத்தை 0 முதல் 5 வரை எழுதுவார்கள். எங்களிடம் வந்த அன்று அவருக்கு 3. அதாவது விரலை மேலே தூக்குகிறார், ஆனால் லேசாக எதிர்த்து அழுத்தினாலே தாங்கவில்லை. பலம் குறைந்துகொண்டே போகிற ஆளுக்கு முதுகை முறுக்கிச் சொடுக்கவே கூடாது. அன்றே முதுகுத்தண்டு மருத்துவரிடம் அனுப்பினோம். புது எம்.ஆர்.ஐ.யில் ஜவ்வு பிதுங்கி நரம்பை நசுக்கியிருந்தது, அறுவை சிகிச்சை ஆயிற்று. முறுக்கியதால்தான் பிதுங்கியதா, எப்படியும் நடந்திருக்குமா என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எட்டு சிட்டிங்கில் ஒருநாள்கூட அந்த விரலைப் பார்க்கவில்லை என்பது நிச்சயம். பார்த்திருந்தால் நாட்கள் மிச்சமாகியிருக்கும்.

மூத்திரம் வராமல் அடைப்பது அல்லது தெரியாமல் போவது, மலவாய், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, இரண்டு காலும் சேர்ந்து தளர்வது: இதில் ஒன்று இருந்தாலும் எந்தத் தெரபி மையத்துக்கும் போகாதீர்கள். அன்றிரவே அவசர சிகிச்சைப் பிரிவு. காய்ச்சல், காரணமில்லாத எடை இழப்பு, முன்பு புற்றுநோய், நெடுநாள் ஸ்டீராய்டு, எலும்பு பலவீனம் (ஆஸ்டியோபோரோசிஸ்), கீழே விழுந்தது ஆகியவற்றைப் பற்றியும் கேட்காமல் ஒருவர் கையை வைத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கழுத்து இன்னும் ஆபத்து. தாடையில் பட்டை மாட்டித் தலையை வெடுக்கென்று இழுக்கிற வீடியோக்கள் பார்த்திருப்பீர்கள். மூளைக்கு ரத்தம் கொண்டு போகும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்புகளில் உள்ள துளைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. வேகமாகத் திருகும்போது தமனியின் உள்சுவர் கிழிந்து, ரத்தம் உறைந்து, பக்கவாதம் வரலாம். அபூர்வம்தான், ஆனால் இளைஞர்களுக்கும் வருகிறது. சொடுக்கிய பிறகு தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்கச் சிரமம், இதுவரை இல்லாத கழுத்து வலியோ தலைவலியோ வந்தால் ‘நரம்பு திறக்குது’ என்ற கதையைக் கேட்டுக்கொண்டு உட்காராதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

மேனுவல் தெரபியே பித்தலாட்டம் என்று சொல்ல வரவில்லை. ஆஸ்திரேலியாவின் மெயிட்லண்ட், நியூசிலாந்தின் மல்லிகன் என்ற இரண்டு பிசியோதெரபிஸ்ட்களின் வழிமுறைகளைப் படித்துத்தான் நாங்களும் வேலை பார்க்கிறோம். மெயிட்லண்ட் முறையில் மூட்டை அசைப்பதற்கு ஐந்து படிகள். வலி அதிகமென்றால் முதல் இரண்டு, இறுக்கம் அதிகமென்றால் அடுத்த இரண்டு. சொடுக்கு ஐந்தாவது படி, பலருக்கு அது தேவையே படாது. கழுத்து திரும்பாமல் வந்தவருக்கு மல்லிகன் முறையில், எலும்பு முனையில் கட்டைவிரலை வைத்து நாங்கள் மெல்ல நகர்த்திக் கொடுக்க, கழுத்தைத் திருப்புவது அவரே. ஆறு முதல் பத்து தடவை. வலிக்கவே கூடாது, வலித்தால் பிடித்த இடம் தப்பு, அல்லது அந்த முறை இவருக்கு இல்லை. உடனே அளந்து பார்க்கிறோம், அதையே ஒரு டவலை வைத்து வீட்டில் செய்யச் சொல்லித் தருகிறோம். கை கொடுக்கிற நிவாரணம் கொஞ்ச நேரத்துக்குத்தான். அந்த நேரத்தில் உடம்பை அசைத்துப் பழக்கினால்தான் அது நிலைக்கும். மூன்று நான்கு முறை வந்தும் அளவில் ஒன்றும் மாறவில்லை என்றால் திட்டத்தை மாற்ற வேண்டும், அல்லது மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அப்படியிருக்க, 24 என்று முதல் நாளே எப்படித் தெரியும்?

தகுதியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். பி.பி.டி. (பிசியோதெரபி பட்டம்) படிப்பு இங்கே நான்கு ஆண்டுகள், அதன்மேல் பயிற்சிக் காலம். முதுகையும் கழுத்தையும் சொடுக்கிச் சிகிச்சை தரும் கைரோபிராக்டிக்குக்கு இந்தியாவில் தனிக் கவுன்சில் கிடையாது. அமெரிக்காவில் அதற்கு ஆண்டுக்கணக்கில் கல்லூரிப் படிப்பு; இங்கே சில நாள் வகுப்பில் வாங்கிய சான்றிதழும் அதே மாதிரி ஃப்ரேமில் பளபளவென்று தொங்கும். மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படியான பதிவுச் சான்றிதழ் வரவேற்பறையில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் புகார் தரலாம்.

பணம் கட்டிவிட்டீர்களா? ‘திருப்பித் தரப்படாது’ என்று பொடி எழுத்தில் இருந்தாலும் விடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பில் தராததும், குறையுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தை, பில்லில் கெடு சொல்லாதபோது 30 நாளுக்குள் திருப்பித் தர மறுப்பதும் முறையற்ற வணிக நடைமுறை. முதலில் எழுத்தில் கேளுங்கள்: எந்தத் தேதிகளில் வந்தேன், என்ன செய்தார்கள், என்ன ஆயிற்று, மீதி எத்தனை. வாட்ஸ்அப் உரையாடல், கால் நீளப் போட்டோ, பில், எம்.ஆர்.ஐ. எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இஎம்ஐயை மட்டும் கோபத்தில் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். கடன் கொடுத்தது வேறு நிறுவனம், சிபில் ஸ்கோர் அடிபடுவது உங்களுக்கு. அவர்களுக்கும் தனியாகக் கடிதம் எழுதுங்கள்.

இவர் அறுவை சிகிச்சைக்குப் பிறகு எழுதிக் கேட்டார். மீதமுள்ள 16 சிட்டிங்கை வீட்டில் வேறு யாராவது பயன்படுத்திக்கொள்ளலாம் என்று பதில் வந்திருக்கிறது.