மேயர் உரையா, அறிக்கையா, கேள்வி நேரமா?

ஆண்டுக்கு ஒருமுறை மக்களிடம் கணக்குச் சொல்ல ஒரு மாநகராட்சி முடிவெடுத்தால், பொதுவாக மூன்று வழிகள் பேச்சுக்கு வரும். மேயர் மேடையேறி உரையாற்றலாம். அச்சிட்ட அறிக்கை வெளியிடலாம். அல்லது மக்கள் கேட்க, மேயர் பதில் சொல்லும் கூட்டம் நடத்தலாம். மூன்றையும் நான் ஒரே கேள்வியால்தான் எடைபோடுவேன்: போன ஆண்டு கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்பது, ஆட்சியில் இருப்பவர்கள் விரும்பாவிட்டாலும் வெளியே வருமா?

உரையில் வராது. அமெரிக்க நகரங்கள் பலவற்றில் ‘நகரத்தின் நிலை’ என்ற பெயரில் மேயர்கள் ஆண்டுதோறும் உரையாற்றுகிறார்கள். அதனால் பயன் இல்லாமல் இல்லை. மறுநாளே செய்தியாகிறது, வரும் ஆண்டில் எந்த வேலைக்கு முதலிடம் என்பது மக்களுக்கும் ஊழியர்களுக்கும் ஒருசேரத் தெரிந்துவிடுகிறது. ஆனால் எதைச் சொல்வது, எதை விடுவது என்பது முழுக்கப் பேசுபவர் கையில். திறந்துவைத்த பூங்கா உரையில் வரும், பாதியில் நிற்கும் வடிகால் வராது.

அறிக்கை வேறு வகை. நியூயார்க்கில் மேயரின் நிர்வாக அறிக்கையை வெளியிட்டே ஆகவேண்டும் என்று நகரின் அடிப்படைச் சட்டமான சாசனமே சொல்கிறது. அங்கே நிதியாண்டு ஜூன் 30-ல் முடிகிறது. முழு அறிக்கை செப்டம்பரில் வரும். நிதியாண்டின் முதல் நான்கு மாதங்களுக்கான முன்னறிக்கை ஜனவரியில் வரும். துறைவாரியாக இலக்கு எவ்வளவு, எட்டியது எவ்வளவு, முந்தைய ஆண்டுகளில் எவ்வளவு என்று எண்கள் ஒரே அட்டவணையில் இருக்கும். எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்தப் பழைய எண்கள்தான். “இத்தனை ஆயிரம் புகார்களைத் தீர்த்தோம்” என்று மட்டும் சொன்னால் அதில் ஒன்றும் தெரியாது. வந்தவை எத்தனை, தீர்க்க எத்தனை நாள் ஆனது, போன ஆண்டு எத்தனை நாள் என்று பக்கத்திலேயே இருந்தால்தான் அது கணக்கு.

குறையும் உண்டு. அந்த அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கங்கள். வேலை முடிந்து வீடு திரும்புபவர் எப்படிப் படிப்பார்? நான்கு பக்கச் சுருக்கம், நகரில் பேசும் எல்லா மொழிகளிலும், பார்வையற்றோருக்கு ஒலி வடிவிலும் வேண்டும். அதற்கான பணத்தை விழாப் பந்தலில் மிச்சம் பிடிக்கலாம்.

இணையத்தில் எண்கள் தினமும் மாறும் டேஷ்போர்டு, அதாவது தகவல் பலகை, போதாதா என்று சிலர் கேட்பார்கள். அது இன்றைய நிலையைக் காட்டும். ஆண்டு முடிவில் நின்று பதில் சொல்லாது.

இனி கேள்வி நேரம். லண்டனுக்கு 1999-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், மேயரின் ஆண்டறிக்கை, ஆண்டுக்கொரு பொது விவாதம், ஆண்டுக்கு இரண்டு மக்கள் கேள்வி நேரம் என்று மூன்றையும் கட்டாயமாக்கியது. மேயருடன் நகரப் பேரவை உறுப்பினர்களும் கேள்வி நேரத்தில் மக்கள் முன் உட்காருகிறார்கள். அறிக்கை எழுதியவர்களுக்குத் தோன்றாத கேள்வி இங்கேதான் எழும்.

ஆனால் கூட்டம் கெட்டுப்போவதும் எளிது. கேள்விகளைச் சீட்டில் எழுதி வாங்கி அதிகாரிகளே பொறுக்கினால் அது மீண்டும் உரைதான். குலுக்கல் முறையில் எடுப்பது நேர்மையானது. அவரவர் தெருவிளக்குப் புகாரிலேயே நேரம் போய்விடாமல் இருக்க, அரங்கின் வாசலில் துறைவாரியாக மேசை போட்டு அங்கேயே பதிவுசெய்ய வேண்டும். புகார் சொல்பவரைக் குறைசொல்லக் கூடாது, அவருக்கு அதுதான் நகரம். பகலில் கூட்டினால் வேலைக்குப் போகிறவர்கள் வரமாட்டார்கள். மாலையில் கூட்டினால் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறையும், திரும்பிப் போகப் பேருந்தும் வேண்டும்.

ஒன்றுக்குத்தான் பணம் என்றால் அறிக்கையைத் தேர்ந்தெடுப்பேன். கூட்டத்துக்கு வர முடியாதவர் கைக்கும் அது போகும், பத்து ஆண்டு கழித்தும் எடுத்துப் பார்க்கலாம். இரண்டு முடியும் என்றால் அறிக்கை முதலில், இரண்டு வாரம் கழித்துக் கேள்வி நேரம். எண்களைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவருக்கு மழுப்பலான பதில் சொல்வது கடினம். இரண்டுமே அடுத்த பட்ஜெட் வரைவுக்கு முன் முடியவேண்டும். பணம் ஒதுக்கிய பிறகு கேட்டு என்ன பயன்? தேர்தலை ஒட்டிய மாதங்களை விட்டுவிட வேண்டும். அரங்கில் பதில் கிடைக்காத கேள்விகளுக்கு முப்பது நாளில் எழுத்தில் பதில் தரவேண்டும். அப்போதும் பதில் வராதவற்றை அடுத்த ஆண்டு அறிக்கையின் முதல் பக்கத்தில் அச்சிட வேண்டும்.