ஒற்றை சென்சார் ஏடிஓ: இரண்டு கோடைக்குப் பிறகு

ஏடிஓ (ஆட்டோ டாப்-ஆஃப்) என்பது மீன்தொட்டியில் ஆவியாகிக் குறையும் தண்ணீரைத் தானாக நிரப்பும் கருவி. அதில் ஒற்றை சென்சார் வகையின் விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று மெரைன் தொட்டி, அதாவது கடல்நீர் மீன்தொட்டி, வைத்திருக்கும் நண்பர் கேட்டார். அவர் கேட்ட வாரத்தில்தான் என்னிடம் இருக்கும் கருவியின் மோட்டாரை மாற்ற வேண்டி வந்தது. அதனால் இந்தக் குறிப்பில் கொஞ்சம் சூடு இருக்கும்.

ஒரே ஒரு ஆப்டிகல் சென்சார், காந்தப் பிடி, 12 வோல்ட் டிசி மோட்டார், அவ்வளவுதான் கருவி. சென்னையில், சம்ப்போடு (தொட்டிக்குக் கீழே இருக்கும் துணைத்தொட்டி) சேர்த்து 200 லிட்டர் கொள்ளும் பவளத் தொட்டியில் ஓடுகிறது.

இது வேலை செய்யும் நாட்களில் குறை சொல்ல எதுவும் இல்லை. சம்ப்பில், தண்ணீரை மேலே தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் மோட்டார் இருக்கும் ரிட்டர்ன் அறையின் அளவு 30க்கு 20 செ.மீ. தொட்டி முழுவதிலும் ஆவியாகும் தண்ணீர் இந்த ஓர் அறையில்தான் குறைந்து தெரியும், 1 செ.மீ. இறங்கினால் 600 மி.லி. போயிருக்கிறது. மே மாதத்தில் தொட்டிமேல் மின்விசிறி ஓடினால் ஒரு நாளைக்கு 5 லிட்டர் போகும். கையால் ஊற்றிச் சமாளித்தால் மறுநாள் காலைக்குள் மட்டம் 8 செ.மீ. இறங்கி, ரிட்டர்ன் மோட்டார் காற்றை இழுத்துக் கத்தத் தொடங்கிவிடும். இந்தக் கருவி 5 மி.மீ. குறைந்ததுமே 300 மி.லி. ஊற்றுகிறது, நாளுக்குப் பதினாறு, பதினேழு தடவை. உப்பளவு 35 பிபிடியை (ஆயிரத்தில் 35 பங்கு) விட்டு அசைவதில்லை. கையால் ஊற்றி இந்தச் சீர்மையை எட்ட முடியாது.

கோபம் சென்சாரின் மேல். அதன் முனையில் ஒரு சிறு பட்டகம், உள்ளே அகச்சிவப்பு விளக்கும் ஒளி உணரியும். முனை காற்றில் இருந்தால் ஒளி உள்ளுக்குள்ளேயே எதிரொளித்து உணரிக்குத் திரும்பும். தண்ணீருக்குள் இருந்தால் வெளியே கசிந்துவிடும். ஆகவே பாசிப்படலமோ ஈர உப்போ முனையில் படிந்தால் தண்ணீர் இருப்பதாக நினைத்து ஊற்றாமல் இருந்துவிடுகிறது. உப்பளவு ஏறும், ஆனால் மெதுவாக ஏறும். உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தால் பிடித்துவிடலாம். காற்றுக்குமிழ் ஒட்டினால் கதை நேரெதிர். தண்ணீர் இல்லை என்று முடிவுகட்டி ஊற்றிக்கொண்டே இருக்கும்.

குமிழ் எப்போது வரும்? மின்சாரம் போய்த் திரும்பும்போது. ரிட்டர்ன் மோட்டார் மறுபடி கிளம்பும் முதல் சில நிமிடங்கள் சம்ப் அறைகளைப் பிரிக்கும் தடுப்புக் கண்ணாடியைத் தாண்டி விழும் தண்ணீரில் நுரை பொங்கும். அந்த நேரத்தில் ஒரு குமிழ் முனையில் உட்கார்ந்தால் போதும். ஐந்து நிமிட நேர வரம்பு இருக்கிறது, தாண்டினால் மோட்டாரை நிறுத்திவிட்டு அலாரம் அடிக்கும். ஆனால் மின்சாரம் ஒரு தடவை போய் வந்தால் அந்தப் பூட்டு அழிந்து மீண்டும் ஐந்து நிமிடம் ஊற்றுகிறது. கோடையில் ஒரே மதியத்தில் மூன்று முறை கரண்ட் போகும் ஊரில் இப்படியா பாதுகாப்பை வடிவமைப்பது? கூட வந்த மோட்டார் நிமிடத்துக்கு 2 லிட்டர் தள்ளும். ஒரு வரம்புக்கு 10 லிட்டர். 200 லிட்டரில் 10 லிட்டர் நன்னீர் சேர்ந்தால் 35 பிபிடி 33.3 ஆகிவிடும். இரண்டாம் தடவையும் நடந்தால் 31.8. கிளவுன் மீன் தாங்கும். பவளத்துக்கும் இறாலுக்கும் அது பெரிய அடி. அதற்கு முன்பே சம்ப் வழிந்து தரை நனைந்தாலும் ஆச்சரியமில்லை.

இதற்கான மருந்துகள் கடையில் கருவியோடு வருவதில்லை. வைஃபை ரௌட்டருக்கு விற்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ்ஸில் கருவியைப் போடுங்கள். மின்சாரம் போனாலும் பூட்டு அழியாது. கருவிக்குத் தேவையான ஆம்பியரை அந்த யுபிஎஸ் தருமா என்று லேபிளில் பார்த்து வாங்குங்கள். சென்சாரைத் தடுப்பிலிருந்து மிகத் தள்ளியிருக்கும் சுவரில் பொருத்துங்கள். அதற்கு 3 செ.மீ. கீழே 5 செ.மீ. அகலக் கண்ணாடிப் பட்டை ஒன்றைச் சாய்வாக அக்வேரியம் சிலிகானால் ஒட்டினால், கீழிருந்து ஏறும் குமிழ் விலகிப் போகும். மாதம் ஒருமுறை சென்சாரைக் கழற்றி, பாதி வினிகர் பாதி தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் உப்புப் பூப்பு போய்விடும்.

மோட்டார் செத்ததற்குக் காரணம் எளிது. ஊற்றுவதற்கான நன்னீர் இருக்கும் சேமிப்புக் கேனில் தண்ணீர் தீர்ந்தால் இந்தக் கருவிக்குத் தெரியாது. வறண்டு ஓடி, இம்பெல்லர் தண்டு சூடேறி இறுகிவிட்டது. மாற்று மோட்டார் வாங்கும்போது வோல்ட், பின்னின் பிளஸ் மைனஸ், ஆம்பியர் மூன்றையும் பழையதோடு ஒப்பிடுங்கள். ஆம்பியர் கூடினால் கன்ட்ரோலர் கருகலாம். வேகமான மோட்டாரைத் தேடாதீர்கள். குழாயில் ஒரு சின்ன வால்வு போட்டு நிமிடத்துக்கு 300 மி.லி. என்று குறைத்தால், வழக்கமான நிரப்பல் ஒரு நிமிடத்தில் முடியும், ஐந்து நிமிடத் தவறும் ஒன்றரை லிட்டரோடு நிற்கும். கேனுக்கு மூடி கட்டாயம், சென்னையில் திறந்த நன்னீரைக் கொசு விடாது.

சைஃபனைப் பற்றி, அதாவது மோட்டார் நின்ற பிறகும் குழாய் வழியே தண்ணீர் தானாக ஓடுவதைப் பற்றி, கையேடுகள் பாதிதான் சொல்கின்றன. குழாய் முனையைச் சம்ப் தண்ணீருக்கு மேலே தூக்கிவைத்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அது உப்புத் தண்ணீர் கேனுக்குத் திரும்புவதைத்தான் தடுக்கும். கேனின் நீர்மட்டம் முனையைவிட உயரத்தில் இருந்தால், மோட்டார் நின்ற பிறகும் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும். கேனைத் தரையில் வைத்து, முனையைக் கேனின் நிறைமட்டத்துக்கு மேலே கட்டுங்கள். அது முடியாத இடத்தில், குழாயில், கேனுக்குள் நீர்மட்டத்துக்கு மேலே 2 மி.மீ. துளை போடுங்கள். மோட்டார் நின்றதும் அதன் வழியாகக் காற்று நுழைந்து ஓட்டம் அறும்; ஓடும்போது பீச்சும் தண்ணீரும் கேனுக்குள்ளேயே விழும்.

கேனில் கால்க்வாஸர் (பவளத்துக்குக் கால்சியம் தரும் சுண்ணாம்பு நீர்) கலப்பவர்கள் இந்தக் கருவியைத் தொடவே வேண்டாம். லிட்டருக்கு ஒன்றரை கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடு கலந்த நீரின் பிஎச் 12க்கு மேல். தவறி ஊற்றினால் உப்பளவு குறைவதோடு போகாது, தொட்டியின் பிஎச்சும் எகிறும்.

ஆக, நண்பரின் கேள்விக்குப் பதில்: வாங்காதீர்கள். இத்தனை நாள் மட்டத்தை இம்மி பிசகாமல் பிடித்த கருவியைப் பற்றித்தான் சொல்கிறேன். டன்ஸே நிறுவனத்தின் ஆஸ்மோலேட்டர் 3155 போல, ஆப்டிகல் சென்சாருக்கு மேலே தனியாக ஒரு மிதவை சுவிட்ச் காவலுக்கு இருக்கும் வகைக்குக் காசு சேருங்கள். ஒன்று ஏமாந்தால் இன்னொன்று நிறுத்தும்.

விலையைப் பார்த்து ஏற்கெனவே வாங்கியிருந்தால், முதல் இரவுக்கு முன் குழாய் முனையை ஒரு வாளியில் விட்டு, சென்சாரை வெளியே எடுத்துக் காற்றில் பிடியுங்கள். மோட்டார் தானாக நிற்கும்வரை வாளியில் எத்தனை லிட்டர் சேர்கிறது என்று அளந்து பாருங்கள். 200 லிட்டர் தொட்டிக்கு 2 லிட்டரைத் தாண்டினால் வால்வை இன்னும் மூடுங்கள். தண்ணீர் மாற்றும் நாளில் அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொடங்குங்கள். இல்லையென்றால் நீங்கள் வெளியே எடுக்கும் உப்புத் தண்ணீரின் இடத்தை அது நன்னீரால் நிரப்பிவிடும்.