காண்டூரில் குறைப்பதா, மெஷ்ஷில் குறைப்பதா?

சர்வே காண்டூரை (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) அப்படியே ஸ்கெட்ச்சப் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஏற்றி, கோடுகளை நிலப்பரப்பாக்கும் ‘ஃப்ரம் காண்டூர்ஸ்’ கொடுத்தால் மாடல் திணறும். கணக்கு எளிது. 18 காண்டூர், சராசரி நீளம் 180 மீட்டர், 30 செ.மீ.க்கு ஒரு புள்ளி என்றால் 10,800 புள்ளிகள். அவற்றை இணைத்து நிலமாக்கும் முக்கோண வலைதான் மெஷ்; அதில் முக்கோணங்கள் ஏறத்தாழ இரு மடங்கு. இவற்றைக் கோட்டிலேயே குறைப்பதா, மெஷ் ஆனபின் குறைப்பதா என்பதே கேள்வி.

எண்ணிக்கையைவிட அவற்றின் வடிவம்தான் பெரிய தலைவலி. 1:10 சரிவில் 1 மீட்டர் காண்டூர்கள் பிளானில் 10 மீட்டர் தள்ளித் தள்ளி ஓடும். கோட்டின் மேல் அடுத்த புள்ளி 30 செ.மீ.யில், பக்கத்துக் கோடோ 10 மீட்டருக்கு அப்பால். ஊசி ஊசியாக முக்கோணம் விழாமல் என்ன செய்யும்? ரெண்டரில் கீறல் கீறலாகத் தெரிவது இவைதான்.

எனவே முதலில் கோட்டில் கை வைப்பதே சரி. 1973-இல் வந்த டக்ளஸ்–பாய்க்கர் முறை, டாலரன்ஸுக்குள் (கோடு விலகலாம் என்று நாம் தரும் வரம்பு) அடங்கும் புள்ளிகளைக் கழித்துவிடும். ரைனோ மென்பொருளோடு வரும் கிராஸ்ஹாப்பரில் ‘ரெட்யூஸ்’ இந்த வேலையைச் செய்கிறது. சிவில் த்ரீடி மென்பொருளின் ‘வீடிங்’ வேறு வகை: தூரம், திரும்பும் கோணம் இரண்டுமே வரம்புக்குள் இருந்தால்தான் நடுப்புள்ளி போகும்.

டாலரன்ஸ் 0.2 மீட்டர் வைத்தால், 1:4 சரிவில் உயரப் பிழை 5 செ.மீ.தான். அமெரிக்காவின் 1947 வரைபடத் துல்லிய விதியே காண்டூர் இடைவெளியில் பாதியை, அதாவது 1 மீட்டர் காண்டூருக்கு அரை மீட்டரை, ஏற்கிறது. புள்ளிகள் சராசரி 2.5 மீட்டருக்கு ஒன்றாகக் குறைந்தால் 1,300 புள்ளிகள், 2,600 முக்கோணங்கள். ஆனால் 1:1 சரிவில் கோடுகள் 1 மீட்டர் நெருக்கத்தில் இருக்கும். அங்கே டாலரன்ஸ் அரை மீட்டரை எட்டினால் பக்கத்துக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளலாம்.

மெஷ் ஆனபின் குறைப்பது (ரைனோவின் ‘ரெட்யூஸ்மெஷ்’, பிளெண்டரின் ‘டெசிமேட்’) கவர்ச்சியான குறுக்குவழி. விகிதம் 0.2 என்று கொடுத்தால் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். சிக்கல், அது ஏற்கெனவே உள்ள பிழையையும் நிலமாகவே எண்ணிக் காப்பாற்றுவது. ஓடையும் முகடும் வளையும் இடங்களில் முக்கோணத்தின் மூன்று மூலைகளும் ஒரே காண்டூரில் விழுந்து தட்டையான மேடை உருவாகும். எந்தப் புள்ளியை நீக்கலாம் என்று கணிக்க 1997-இல் கார்லண்ட், ஹெக்பர்ட் தந்த பிழையளவு முறையில் அந்த மேடையின் கூரிய விளிம்பு ‘முக்கியம்’. மென்மையான உண்மைச் சரிவு ‘தேவையில்லை’. மனை எல்லையும் நகரக்கூடும். பிளெண்டரில் எல்லைப் புள்ளிகளை வெர்டெக்ஸ் குரூப்பில் (தேர்ந்த புள்ளிகளின் தொகுப்பு) போட்டுக் காக்கலாம். மேடைக்கு மருந்து குறைப்பதில் இல்லை: ஓடையின் நடுவே ஸ்பாட் லெவல்களை (தனிப்புள்ளி உயர அளவுகள்) இணைத்து ஒரு பிரேக்லைன் (முக்கோணங்கள் தாண்டக் கூடாத கோடு) சேர்த்து, மெஷ்ஷைத் திரும்பக் கட்ட வேண்டும்.

மூன்றாவது, ரைனோவின் ‘டிரேப்’ போல நிலத்தின் மேல் சம அளவுக் கட்டம் விரிப்பது. 200 × 150 மீட்டர் மனைக்கு 5 மீட்டர் கட்டம் 2,400 முக்கோணங்கள், 2 மீட்டர் கட்டம் 15,000. மாஸிங் மாடலுக்கு (கட்டடத்தின் மொத்த வடிவை மட்டும் காட்டுவது) அழகாக இருக்கும். தடுப்புச் சுவர் இருந்தால் கதை முடிந்தது; 30 செ.மீ. தடிமன் கொண்ட செங்குத்துச் சுவர், ஒரு கட்ட அகலச் சரிவாகிவிடும்.

எந்த வழியானாலும், குறைத்த மெஷ்ஷை அதே உயரங்களில் வெட்டி, சர்வே கோட்டின் மேல் வைத்துப் பாருங்கள். 1:4 சரிவில் கோடு 2 மீட்டர் விலகியிருந்தால் அரை மீட்டர் உயரம் தவறு; பிளிந்த் லெவலை (கட்டட அடித்தள மேடையின் உயரம்) அதை வைத்து முடிவு செய்யக் கூடாது.